வென்றவருக்கு ஏற்றும் பாரம்

குறிகட்டுவான் துறைக்கு மினிபஸ் ஓட்டிய அவரை எல்லோரும் ஜப்பான் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே "ஜப்பான் அண்ணை", முதுகுக்குப் பின்னால் வெறும் ஜப்பான். பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏனென்று முடிவில் உங்களுக்கே விளங்கும். விளங்காவிட்டால் நான் இன்னொரு முறை தப்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் துறையடியில் ரைம்கீப்பர். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் மினிபஸ்கள் எத்தனை மணிக்கு வந்தன, எத்தனை மணிக்குப் புறப்பட்டன என்று கொப்பியில் எழுதுவதுதான் வேலை. ஒரு தகரக் கொட்டில், ஒரு கதிரை, ஒரு மணிக்கூடு. காலையில் எந்த பஸ் முதலாவதாக வந்து சேருகிறதோ, அதற்குத்தான் நயினாதீவுப் படகில் வந்திறங்கும் சனத்தை ஏற்றும் முதல் முறை. அதனால் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் புங்குடுதீவு ரோட்டில் ஓர் ஓட்டப்போட்டியே நடக்கும். யார் முந்தியது, யார் பிந்தியது என்பதற்கு என் கொப்பிதான் சாட்சி. என் எழுத்து நல்ல வடிவு. இதை நானே சொல்வது வெட்கம்தான். ஆனால் இந்தக் கதைக்கு அது வேண்டும். தவிர, என் வெட்கங்களில் இது ஆகச் சின்னது.

அவர் ஊர்காவற்றுறைக்காரர், கடல் தொழில் செய்யும் வேதக்காரக் குடும்பம். யாரோ ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து ஜப்பானுக்குப் போய், பூஜி மலையடியில் ஒரு கார் வேலைத்தளத்தில் மூன்று வருடம் வேலை செய்தவர். விசா இல்லையென்று பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொண்ணூற்றாறில் வந்து சேர்ந்தபோது அவர் கொண்டுவந்தவை மூன்று. ஒரு கைக்கடிகாரம், வணக்கம் சொல்ல இடுப்பை வளைத்துக் குனியும் பழக்கம், ஒரு கார்ப் பந்தயத்தின் கதை. கடிகாரம் ஒரு நிமிடமும் பிசகாது. குனியும் பழக்கம் கடைசிவரை போகவில்லை. காலையில் பஸ்ஸில் ஏறுமுன் அதற்கு முன்னால் நின்று ஒருமுறை குனிவார். நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார், அடுத்த நாளும் குனிவார்.

கதையை எத்தனை தரம் கேட்டிருப்போம் என்று எனக்குக் கணக்கில்லை. அது அந்தப் போட்டி அப்போதுதான் பிறந்திருந்த காலம். வேலைத்தள முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். மலையிலிருந்து மூடுபனி இறங்கி ஓடுபாதையில் பாதி தெரியவில்லை. பார்க்க வந்த சனமும் கொஞ்சம், ஓட வந்த கார்களும் கொஞ்சம். முதல் வருடம் கார்கள் போதாமல் வேறொரு போட்டியில் ஓடும் கார்களையும் சேர்த்து ஓட்டினார்களாம்.

"உங்கடை கலியாண வீட்டுக்கு ஆள் காணாதெண்டு அயல் வீட்டுச் சனத்தையும் கூப்பிட்டு இருத்திற மாதிரித்தான்" என்பார். "ஆனா அடுத்த வருசம் பாத்தீரெண்டால், நிக்க இடமில்லை."

அங்கே ஓடியவை தட்டையான பந்தயக் கார்கள் அல்ல. ரோட்டில் ஓடுகிற அதே கார்கள், உள்ளே எல்லாம் மாற்றி, வெளியே வர்ணம் அடித்தவை. பெரிய கார்களும் சின்னக் கார்களும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓடும். பெரியதுக்குப் பெரியதோடு போட்டி, சின்னதுக்குச் சின்னதோடு போட்டி. ஒரு காருக்கு இரண்டு பேர், பாதியில் ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவார். இவ்வளவும் நாங்கள் நம்பினோம். நம்பாதது ஒன்றுதான். ஒரு ஓட்டத்தில் வென்ற காருக்கு அடுத்த ஓட்டத்தில் பாரம் ஏற்றுவார்களாம்.

"அதென்ன அநியாயம் அண்ணை?" என்று சிவப்பு பஸ் ஓட்டுகிறவன் கேட்டான். "வெண்டவனுக்குத் தண்டனையோ?"

"தண்டனை இல்லையடா தம்பி, மரியாதை. நீ உதையும் காவிக்கொண்டு ஓடுவாய் எண்டு நம்பித்தானே ஏத்தினம். ஏத்தாட்டில் ஒருத்தன்தான் எந்த நாளும் வெல்லுவான். பிறகு ஆர் பாக்க வருவினம்?"

அவருக்கு இதில் ஒரு பெருமையும் இருந்தது. முதலாளிக்கு வேண்டிய ஒருவரின் கார் ஒருமுறை வென்றபோது, அடுத்த ஓட்டத்துக்கு அந்த இரும்புத் தகடுகளைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துப் பூட்டியது இவர்தான். காரின் ஓட்டுநர் வந்து பாரத்தைப் பார்த்துவிட்டு இவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னாராம். இந்த இடம் வரும்போது எழும்பி நின்று குனிந்து காட்டுவார். அந்த நேரம் மட்டும் அவர் சிரிக்க மாட்டார்.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுசன் அதைத் துறையடியிலும் நடத்தத் தொடங்கினார். இன்றைக்கு அவருடைய பஸ் முதலாவதாக வந்தால், நாளைக்குத் தன் முறையைத் தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசியில் நிற்பார். நெடுந்தீவுப் படகில் வரும் கருவாட்டு மூட்டை, காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் சாக்கு, ஆட்டுக்கடா எல்லாம் அவருடைய கூரைக்குத்தான் போகும். மற்றவர்கள் தொடப் பயப்படுகிற சாமான்கள் அவை. ஏற்றி இறக்க ஒரு மணித்தியாலம் போகும், நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. அவர் கீழே நின்று "ஏத்துங்கோ, ஏத்துங்கோ" என்று சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டில் அவருடைய மனைவி இதற்காக என்ன பேச்சுப் பேசியிருப்பா என்று எனக்குத் தெரியாது. பேசியிருந்தால் அது முழுக்க நியாயம்.

நாங்கள் என்ன செய்தோம்? பழுதில்லாத ஒரு மடையன் கிடைத்தான் என்று சந்தோசப்பட்டோம். நயினாதீவு அம்மன் கோயில் தேருக்கு முதல்நாள் அவரை எப்படியாவது முதலாவதாக வரவைத்துவிட வேண்டும். அப்படியென்றால் தேரன்று, சனம் அள்ளுப்படுகிற நாளில், அவர் கடைசியில் கருவாட்டோடு நிற்பார். ஒரு வருடம் சிவப்பு பஸ்காரன் வேண்டுமென்றே மெதுவாக வந்தும் சரிவரவில்லை. இரண்டு பஸ்ஸும் ஒன்றாகவே வந்துவிட்டன, சரியாகப் பார்த்தால் சிவப்புத்தான் ஒரு மூக்கு முன்னால். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் ஜப்பானுக்கு இரண்டு நிமிடம் முந்திப் போட்டு எழுதினேன்.

அவர் வந்து கொப்பியைப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பி அந்தப் பிசகாத கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

"உம்முடைய எழுத்து நல்ல வடிவு" என்றார்.

அடுத்த நாள் தேருக்குச் சனம் வெள்ளமாக வந்து இறங்க, அவர் கடைசியில் நின்று ஒடியல் சாக்கு ஏற்றினார். எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சிவப்பு பஸ்காரன் வாங்கித் தந்த சோடாவைக் குடித்தேன்.

அவருக்கு எழுத வராது என்பதையும் சொல்ல வேண்டும். வாசிப்பார். எழுதினால் மணலில் நண்டு ஓடியது போல இருக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவர். அதனால் விண்ணப்பம், கடிதம், பஸ் கதவில் ஒட்டும் அறிவித்தல் எல்லாவற்றுக்கும் என்னிடம் வருவார். நானும் எழுதிக் கொடுப்பேன். எழுதுகையில் பக்கத்தில் நின்று என் பேனா போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

யுத்தம் நின்றிருந்த சமாதானக் காலத்தில் ஒருநாள் கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. மத்தியானம், வேலை இல்லை. "அண்ணை, அந்த ஓடுபாதை எப்பிடி இருக்கும், ஒருக்காக் கீறிக் காட்டுங்கோ" என்று கேட்டது நான்தான். அவர் பழைய கலண்டர்த் தாள் ஒன்றின் பின்பக்கம் கீறினார். கீறுவதில் அவருடைய கை பிசகாது. ஒரு பக்கம் நீளத்துக்கு நேர்ப்பாதை, அதன் முடிவில் வளைவுகள், சுற்றிக்கொண்டு திரும்பித் தொடங்கிய இடத்துக்கே வரும். ஒரு வளைவில் நூறு என்றும் இன்னொன்றில் முந்நூறு என்றும் இலக்கம் போட்டார். அங்கே அந்த வளைவுகளுக்கு அதுதான் பெயராம்.

"இந்த நேர்ப்பாதை எவ்வளவு நீளம் அண்ணை?"

"எங்கடை பண்ணை ரோட்டை நினைச்சுக்கொள்ளும். கடலுக்குள்ளாலை யாழ்ப்பாணம் போற அந்த நேர் ரோட்டு. அதிலை பாதி வரும்."

நான் பேனாவை வாங்கி, நேர்ப்பாதை நெடுகிலும் என் வடிவான எழுத்தில் "பண்ணை" என்று எழுதினேன். எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்து ஊர்ந்து திரும்ப வேண்டிய ஒரு வளைவு இருந்தது. அதில் "சாவடி" என்று எழுதினேன். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது சோதனைச் சாவடியைப் பற்றிப் பகிடி விடலாம். அவரும் சிரித்தார். தாளை மடித்து பஸ்ஸின் முன்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு காலம் மாறியது. சமாதானம் முறிந்து, பக்கத்து அல்லைப்பிட்டியில் வீடு புகுந்து சனத்தைச் சுட்டுக் கொன்ற வருடம் அது. துறையடியில் சிரிப்பே இல்லாமல் போயிற்று. சாவடிகளில் ஒவ்வொருவரையும் இறக்கி, ஒவ்வொரு பையையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. அதை எரித்துவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டேன். அந்த நாளைக்கு வரவேயில்லை.

சில நாள் கழித்து மகளுக்குச் சப்பாத்து வாங்க அவருடைய பஸ்ஸில்தான் யாழ்ப்பாணம் போனேன். பண்ணைக்கு முன்னால் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். சோதிக்க பஸ்ஸுக்குள் ஏறிய சிப்பாய் கலண்டர்த் தாளோடு இறங்கினான். அதிகாரி அதை விரித்து, திருப்பி, மறுபடி விரித்தார். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் நின்றார்.

"இது என்ன?" என்று அந்த ஆள் கேட்டார்.

"கார் ரேஸ் ஓடுற ரோட்டு. ஜப்பானிலை."

"ஜப்பானிலை பண்ணை எங்கை இருக்கு?"

"அது சும்மா, ஒரு விளக்கத்துக்கு."

"சாவடியும் விளக்கத்துக்கோ? இந்த நூறு, முந்நூறு என்ன? ஆர் எழுதினது?"

நான் வரிசையில் அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆள். அவர் தலையைத் திருப்பியிருந்தால் போதும். திருப்பவில்லை.

"நான்தான்" என்றார்.

அதிகாரி அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னுடைய வேலை துறையடியில் என்று தெரிந்ததும் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். என் எழுத்து என்னைப் பார்த்தது.

"இதைப் பாத்திருக்கிறீரோ?" என்று தமிழ் தெரிந்தவர் கேட்டார்.

"இல்லை."

"இந்த ஆளைத் தெரியுமோ?"

"பஸ் ஓட்டுறவர். அவ்வளவுதான்."

அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகுமுன் பஸ்ஸின் திறப்பை நடத்துநரிடம் கொடுத்து, "வேறை ஆளைப் பிடிச்சுச் சனத்தைக் கொண்டுபோய் விடு, வெய்யில் ஏறுது" என்றார். நான் வேறொரு பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் போனேன். சப்பாத்து வாங்கினேன். மத்தியானம் ஒரு கடையில் சோறு சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இந்த விசயத்தை இன்றுவரை என் மனைவிக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி கொட்டிலுக்கு வந்தா. கையில் ஒரு செபமாலை, வெயிலில் நடந்து வந்த களை.

"தம்பி, அது கார் ரேஸ் படம் எண்டு உமக்குத் தெரியும்தானே. எங்கடை பங்குச் சுவாமியார் ஆமிக் காம்புக்குப் போறார். நீரும் கூட வந்து ஒரு சொல்லுச் சொன்னீரெண்டால் விட்டிடுவாங்கள்."

"எனக்கு இப்ப வர ஏலாது அக்கா. படகு வாற நேரம்" என்றேன்.

கடலில் படகு ஒன்றையும் காணவில்லை. அவவும் கடலைப் பார்த்தா. பிறகு சரி தம்பி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

பதினோராம் நாள் சுவாமியாரின் புண்ணியத்தில் அவரை விட்டார்கள். துறையடிக்கு வந்தபோது வலது கையின் இரண்டு விரல்கள் வீங்கியிருந்தன. ஒரு காது சரியாகக் கேட்கவில்லை, நாங்கள் பேசும்போது தலையைச் சரித்துக்கொண்டார். கடிகாரம் இல்லை. அவருடைய பஸ் ஓட்டும் பாஸை வாங்கி வைத்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அது இல்லாவிட்டால் அந்த வீட்டில் உலை இல்லை.

அடுத்த நாள் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு என்னிடம் வந்தார்.

"பாஸைத் திருப்பித் தரச்சொல்லி ஒரு விண்ணப்பம் குடுக்கச் சொல்லினம். எழுதித் தாறீரோ?"

அந்தத் தாளை நான் தொட்டிருந்தால் மூன்று பந்தி எழுதக் கால் மணித்தியாலம் போயிருக்கும். ஆனால் அந்த விண்ணப்பம் போய்ச் சேரும் மேசையில் என் எழுத்தோடு ஒரு கலண்டர்த் தாள் கிடக்கிறது என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெரிந்தது.

"எனக்கு ரெண்டு நாளாய்க் கை நோகுது அண்ணை. பேனை பிடிக்க ஏலாது."

இதைச் சொல்லும்போது என் கையில் பேனா இருந்தது. காலையில் வந்த பஸ்ஸின் நேரத்தை எழுதி மை இன்னும் காயவில்லை. அவருடைய வீங்கிய விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"ஓம், ஓம். கை நோவெண்டால் எழுதக் கூடாது" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். போகும்போது வழக்கம்போலக் குனிந்து வணக்கம் சொன்னார். நான் பதிலுக்குத் தலையை ஆட்டினேனோ இல்லையோ, நினைவில்லை.

ஒரு கிழமை கழித்து வந்தார். விண்ணப்பத்தைத் தானே எழுதிவிட்டாராம். "பிழை கிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாரும். எழுதத் தேவையில்லை, பாத்தாக் காணும்."

விரித்தேன். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எப்போது இதை எழுதிக் கொடுத்தேன் என்றுதான் யோசித்தேன். என் "க", என் "ண", வரிசை முடிவில் என் பேனா விடும் அந்தச் சின்ன இழுப்பு, எல்லாம் அப்படியே இருந்தன. நண்டு ஓடியதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"என்னண்ணை இது?"

அவர் நல்ல காதை என் பக்கம் சரித்தார். நான் திரும்பக் கேட்டேன்.

"காம்பிலை அதே சொல்லைத் திருப்பித் திருப்பி எழுத வைச்சவங்கள்" என்றார். "பண்ணை, சாவடி. பண்ணை, சாவடி. படத்திலை உள்ளதோடை பொருந்தேல்லை எண்டால் வேறை ஆரோ எழுதினது, அது ஆர் எண்டு கேப்பாங்கள். முதல் நாலைஞ்சு நாள் பொருந்தேல்லை. நீர் எழுதேக்கை பக்கத்திலை நிண்டு பாத்ததுகளை நினைச்சு நினைச்சு எழுதினன். கடைசியிலை பொருந்தீட்டுது. இப்ப மாத்தி எழுதவும் வருகுதில்லை."

கொட்டிலுக்கு வெளியே சிவப்பு பஸ் வந்து நின்றது. சனம் இறங்கியது. எனக்கு அவருடைய காலில் விழ வேண்டும் போல இருந்தது. ஆட்கள் பார்ப்பார்கள் என்று அதையும் செய்யவில்லை.

"என்ரை பேரைச் சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது.

"உமக்கு ரெண்டும் பெட்டையள், சின்னனுகள். நான் ஜப்பான் போய் அந்த ஓட்டமெல்லாம் பாத்து வந்தனான். நீர் உந்தக் கதிரையை விட்டு எங்கை போனனீர்?" சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாதது அப்போதுதான் தெரிந்தது. "வெண்டவன் நான். ஏத்தட்டும் எண்டு விட்டிட்டன்."

பிறகு என் கையிலிருந்து விண்ணப்பத்தை வாங்கினார். "பிழை இல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. ஒரு பிழையும் இல்லை."

"சரி, நேரத்தை எழுதும். சிவப்பு வந்து நிக்குது."

பாஸ் கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை அவர் இறங்குதுறையில் மூட்டை சுமந்தார். பிறகு திரும்ப பஸ் ஓட்டினார், முதலாவதாக வந்த நாளுக்கு அடுத்த நாள் கடைசியில் நின்றார். யுத்தம் முடிந்த வருடம், பாதைகள் திறந்ததும், குடும்பத்தோடு மன்னார்ப் பக்கம் மனைவியின் ஊருக்குப் போய்விட்டார். எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார், குனிந்து. சாவடியில் நான் சொல்லாத அவருடைய பெயரை இனிமேல் சொல்ல எனக்கு என்ன உரிமை?

அவர் விண்ணப்பத்தைக் காட்டிய அன்று, சிவப்பு பஸ்ஸின் நேரத்தை எழுதப் பேனாவை வைத்தபோது என் கை ஓடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, பெயர்ப்பலகையில் எழுதுவது போலக் குத்திக் குத்தி எழுதினேன். இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன். உம்முடைய அந்த வடிவான எழுத்து எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்குக் கை நோ என்று சொல்லிவிடுவேன். அது இப்போது அவருடைய எழுத்து.